பாக்மெத்தியெவ்ஸ்கி பேருந்துப் பணிமனை

பாக்மெத்தியெவ்ஸ்கி பேருந்துப் பணிமனை, ரஷ்யத் தலைநகர் மாஸ்கோவின் வடக்கே மாரினா ரோஷா வட்டாரத்தில் 1926-27இல் கட்டப்பட்ட நகரப் பேருந்து டிப்போ. தரைத்திட்டத்தையும் கட்டடத்தின் வடிவத்தையும் கட்டடக்கலைஞர் கான்ஸ்தந்தீன் மெல்னிக்கோவ் வகுத்தார்; இரும்புக் கூரையைப் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் வடிவமைத்தார். சுமார் 8,500 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே கூடத்தில் 104 பேருந்துகள் நிற்க இடமிருந்தது. எந்த வண்டியையும் ரிவர்ஸ் எடுக்காமல் உள்ளே கொண்டுவந்து நிறுத்தவும் வெளியே எடுக்கவும் முடிந்தது இதன் தனிச்சிறப்பு. சோவியத் காலம் முழுவதும் போக்குவரத்துக்குப் பயன்பட்ட கட்டடம் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவனிப்பாரற்றுப் பாழடைந்தது. 2000க்குப் பின் கூரையின் ஒரு பகுதியையும் இழந்தது. 2007-08இல் சீரமைக்கப்பட்டு, முதலில் ‘கராஷ்’ சமகாலக் கலை மையமாகவும், 2012 நவம்பர் முதல் யூத அருங்காட்சியகமும் சகிப்புத்தன்மை மையமுமாகவும் இயங்கிவருகிறது. நகரப் போக்குவரத்துக் கட்டடம் ஒன்று பண்பாட்டுக் கூடமாக மறுவாழ்வு பெற்றதற்கு உலக அளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவற்றுள் இதுவும் ஒன்று.

பெயரும் இடமும்

பணிமனை எழுப்பப்பட்ட காலத்தில் அது இருந்த தெருவுக்குப் பாக்மெத்தியெவ்ஸ்கயா என்று பெயர். கட்டடத்துக்கும் அதுவே பெயரானது. பின்னாளில் அந்தத் தெருவுக்கு, ரயில் போக்குவரத்து அறிஞரும் அறிவியல் கழக உறுப்பினருமான விளாதிமிர் ஒப்ராஸ்த்சோவின் (1874-1949) பெயர் சூட்டப்பட்டது. மாஸ்கோவின் ரயில்வே பொறியியல் உயர்கல்வி நிறுவனமும் இதே தெருவில் உள்ளது. தெருவின் பெயர் மாறிய பிறகும் பணிமனையின் பழைய பெயர் மாறவில்லை. கட்டடக்கலை நூல்களும் மரபுச் சின்னப் பட்டியல்களும் இன்றும் அதைப் பாக்மெத்தியெவ்ஸ்கி என்றே குறிப்பிடுகின்றன.

மாஸ்கோவுக்குப் பேருந்து வந்தது

1917 புரட்சியைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர் முடிந்து, 1921இல் புதிய பொருளாதாரக் கொள்கை அறிவிக்கப்பட்டபின் மாஸ்கோவின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. 1918இல் நாட்டின் தலைநகராகிவிட்ட அந்த ஊரில் மக்கள் பெரும்பாலும் டிராமையே நம்பியிருந்தனர். தண்டவாளம் எட்டாத இடங்களுக்கு வழி தேடிய நகர நிர்வாகம் பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்திடம் பேருந்துகளை வாங்கியது. 1924 ஆகஸ்ட் 8 அன்று கலன்சோவ்ஸ்கயா சதுக்கத்துக்கும் திவெர்ஸ்கயா ஸஸ்தாவாவுக்கும் இடையே, எட்டு லேலண்டு பேருந்துகளுடன், நகரின் நிரந்தரப் பேருந்துச் சேவை தொடங்கியது. ரயில் நிலையங்களை நகர மையத்தோடு இணைத்த இந்தத் தடம் நல்ல வரவேற்பைப் பெற்றது. அடுத்த ஆண்டுகளில் மேலும் வண்டிகள் வந்தன, தடங்களும் கூடின.

வண்டிகள் பெருகியபோது அவற்றை இரவில் எங்கே நிறுத்துவது என்ற சிக்கல் எழுந்தது. மாஸ்கோவின் குளிர்காலத்தில் பேருந்தைத் திறந்தவெளியில் விட முடியாது. உறைபனியில் இரவெல்லாம் நின்ற எஞ்சினைக் காலையில் இயக்குவது பெரும்பாடு. எல்லா வண்டிகளும் கூரைக்கடியில் நின்றாக வேண்டும். தொடக்கத்தில் மொஸ்க்வா ஆற்றின் தென்கரையிலுள்ள பல்ஷாயா ஓர்தின்கா தெருவில் இருந்த டிப்போவில் லேலண்டுகள் நிறுத்தப்பட்டன. வழக்கமான முறைப்படி அவை நெருக்கி நிறுத்தப்பட்டதால், காலையில் ஒவ்வொன்றையும் வெளியே எடுக்க முன்னும் பின்னும் பலமுறை நகர்த்த வேண்டியிருந்தது. நீளமான வண்டி, கனமான ஸ்டியரிங், மங்கிய வெளிச்சம், எஞ்சின் புகை நிறைந்த கொட்டகை ஆகியவற்றுக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பது ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு நாளும் தலைவலியானது. நேரம் வீணானது, பெட்ரோலும் வீணானது, வண்டிகள் ஒன்றோடொன்று உரசின. இந்தக் காட்சியை நேரில் பார்த்ததே தன் சிந்தனையைத் தூண்டியதாக மெல்னிக்கோவ் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

மெல்னிக்கோவ்

கான்ஸ்தந்தீன் மெல்னிக்கோவ் 1890இல் மாஸ்கோவில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். மாஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில் பயின்றார். படிப்பை முடிக்கும் காலத்திலேயே மாஸ்கோவின் ஆமோ மோட்டார் தொழிற்சாலைக் கட்டடங்களின் வடிவமைப்பில் பங்கேற்றார். 1923இன் வேளாண் கண்காட்சிக்காக மரத்தால் எழுப்பிய ‘மகோர்கா’ புகையிலை அரங்கு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அதைத் தொடர்ந்து மாஸ்கோவின் நோவோ-சுகரெவ்ஸ்கி சந்தையை வடிவமைத்தபோது, கடைகளை நேர்வரிசையில் அடுக்காமல் பல் பல்லாக விலகி நிற்கும்படி அமைத்தார். ஒவ்வொரு கடையின் முகப்பும் நடப்பவர் கண்ணில் படவேண்டும் என்பதே காரணம்.

1925இல் பாரிஸில் நடந்த உலக அலங்காரக் கலைக் கண்காட்சியில் சோவியத் அரங்கைக் கட்டியவரும் அவரே. மரமும் கண்ணாடியும் கொண்ட அந்தக் கட்டடத்தின் செவ்வகத் தரையை ஒரு படிக்கட்டு மூலைக்கு மூலை குறுக்கே வெட்டிச் சென்றது. பாரிஸில் இருந்தபோதே அந்நகரின் கார் நெரிசலைத் தீர்க்க ஆயிரம் கார்களுக்கான அடுக்குமாடி நிறுத்தங்களை வரைந்தார். அவற்றில் ஒன்று சேன் ஆற்றுப் பாலங்களுக்கு மேலேயே எழும்பும்படி திட்டமிடப்பட்டது. அவை கட்டப்படவில்லை. என்றாலும் வாகனம் எப்படி நுழைகிறது, எப்படித் திரும்புகிறது, எவ்வளவு இடத்தை எடுக்கிறது என்ற கணக்கு அவர் மனத்தில் ஊறிவிட்டது. மாஸ்கோ திரும்பியதும் அந்தக் கணக்கைப் பேருந்துக்குப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு வந்தது. நகராட்சிப் பணித் துறையிடம் தன் யோசனையை எடுத்துச் சொல்லி, பாக்மெத்தியெவ்ஸ்கயா தெருவில் அமையவிருந்த புதிய பணிமனையின் வடிவமைப்பைப் பெற்றார்.

நேர்ப்போக்கு முறை

மெல்னிக்கோவின் யோசனை ‘நேர்ப்போக்கு முறை’ என்று அழைக்கப்பட்டது. வண்டி ஒரு பக்க வாயிலில் நுழையும், நிற்கும், மறுநாள் காலையில் எதிர்ப்பக்க வாயில் வழியே முன்னோக்கியே கிளம்பும். சொல்லக் கேட்டால் எளிமையானது. நூறு வண்டிகள் நிற்கும் கூடத்தில் இதைச் சாத்தியமாக்குவதுதான் கடினம்.

வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நேர்வரிசையில் நிறுத்தினால் முன்னால் நிற்பது போகாமல் பின்னால் நிற்பது நகர முடியாது. சுவரோரம் மூக்கை முட்டி நிறுத்தினால் பின்னோக்கித்தான் எடுக்கவேண்டும். மெல்னிக்கோவ் வண்டிகளைச் சாய்வாக நிறுத்தினார். ஒவ்வொரு வண்டியும் பக்கத்து வண்டியைவிடச் சற்று முன்னே தள்ளி நிற்கும். வரிசை படிக்கட்டைப் போல விலகி விலகிச் செல்லும். இப்படி நிற்கும்போது ஒவ்வொரு வண்டியின் மூக்குக்கு முன்னாலும் காலியிடம் இருக்கும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினால் போதும், பக்கத்து வண்டியைத் தொடாமல் ஓடுபாதைக்கு வந்துவிடலாம். எந்த வண்டி முதலில் போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதல் சேவைக்குரிய வண்டி நடுவரிசையில் நின்றாலும் அதை மட்டும் தனியே எடுக்கலாம். பழுதாகிக் கிளம்பாத வண்டி மற்றவற்றை மறிக்காது.

இப்படிச் சாய்ந்து விலகும் வரிசைகளைச் செவ்வகக் கட்டடத்துக்குள் வைத்தால் மூலைகளில் பயன்படாத முக்கோண இடங்கள் மிஞ்சும். ஆகவே வண்டிகள் நிற்கும் ஒழுங்கைப் பின்பற்றிச் சுவர்களையே சாய்த்தார். கட்டடத்தின் தரைத்திட்டம் இணைகரமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விந்தையாகத் தோன்றும் இந்த வடிவம் அழகுக்காக வரைந்ததன்று. பேருந்தின் நீளம், அது திரும்பத் தேவைப்படும் வளைவு, அதன் ஓட்டப்பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து இட்ட கோலம் அது. சந்தைக் கடைகளின் பல் வரிசையும் பாரிஸ் அரங்கின் குறுக்குப் படிக்கட்டும் இங்கே பேருந்துக்காக ஒன்றுசேர்ந்தன என்று சொல்லலாம்.

சுவர்கள் செங்கல்லால் ஆனவை. தொழிற்கூடம் என்றால் அழுக்கும் இருட்டுமாக இருப்பது இயல்பு என்ற எண்ணத்தை மெல்னிக்கோவ் ஏற்கவில்லை. சாதாரணப் பேருந்துக் கொட்டகைக்கும் முகப்பு, விகிதம், வெளிச்சம் எல்லாம் தேவை என்று கருதி, பொது மண்டபத்துக்குக் கொடுக்கும் கவனத்தை இதற்குக் கொடுத்தார். ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒவ்வொரு நாளும் புழங்கும் இடம் அது என்பதை அவர் மறக்கவில்லை.

ஷூகோவின் கூரை

104 பேருந்துகள் திரும்பிப் புழங்கும் கூடத்தில் தூண்கள் மிகக் குறைவாக இருக்கவேண்டும். தூண் கூடினால் நேர்ப்போக்கு முறையே பயனற்றுப்போகும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் விளாதிமிர் ஷூகோவ்.

1853இல் பிறந்த ஷூகோவ் அப்போது எழுபது வயதைக் கடந்தவர். ரஷ்யாவின் தலைசிறந்த பொறியாளராக மதிக்கப்பட்டவர். பாகு எண்ணெய் வயல்களில் குழாய்வழிகள் அமைத்ததும், எண்ணெயை வெப்பத்தால் பிரிக்கும் முறைக்கு 1891இல் காப்புரிமை பெற்றதும் அவரது தொடக்ககாலச் சாதனைகள். 1896இல் நிஷ்னி நோவ்கரோத் கண்காட்சியில் வலைப்பின்னல் இரும்புக் கூரைகளையும், நேர்க்கம்பிகளாலேயே வளைந்த உடல் பெறும் கோபுரத்தையும் உலகுக்குக் காட்டினார். மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தை ஒட்டிய பெரிய வணிக வளாகத்தின் கண்ணாடிக் கூரையும், அதே நகரின் கீவ் ரயில் நிலையத்தின் நடைமேடைக் கூரையும், 1922இல் முடிக்கப்பட்ட 150 மீட்டர் உயர ஷபோலோவ்கா வானொலிக் கோபுரமும் அவர் வடிவமைத்தவை.

குறைந்த இரும்பில் அதிகத் தொலைவைத் தாண்டுவது ஷூகோவின் வாழ்நாள் கலை. உள்நாட்டுப் போருக்குப் பின் உலோகத்துக்குக் கடும் பஞ்சம் நிலவிய நாட்டில் அந்தக் கலைக்கு நேரடிப் பயன் இருந்தது. ஷபோலோவ்கா கோபுரமே 350 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்டு, இரும்பு இல்லாததால் 150 மீட்டராகக் குறைக்கப்பட்டது. பாக்மெத்தியெவ்ஸ்கி பணிமனைக்கு அவர் மெல்லிய எஃகுத் துண்டுகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகங்களை வகுத்தார். வரிசையாக நின்ற சில மெலிந்த தூண்கள் மட்டும் அவற்றைத் தாங்கின. கூரையில் விடப்பட்ட கண்ணாடித் திறப்புகள் வழியே பகல் வெளிச்சம் கூடத்தின் நடுவரை இறங்கியது. வெளிச்சுவர்களிலிருந்து வெகு தொலைவிலிருக்கும் நடுப்பகுதியும் விளக்கின்றி வேலைசெய்யும் அளவுக்கு வெளிச்சம் பெற்றது.

இருவரின் பங்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. மெல்னிக்கோவின் தரைத்திட்டத்துக்கு விரிந்த கூரை தேவைப்பட்டது. ஷூகோவின் சட்டகங்கள் இல்லாமல் அந்த இணைகரம் தாளில்தான் இருந்திருக்கும்.

மெல்னிக்கோவின் பிற பணிமனைகள்

பாக்மெத்தியெவ்ஸ்கியின் வெற்றி மெல்னிக்கோவை மாஸ்கோவின் வாகனக் கட்டடங்களுக்கு உரிய கலைஞராக நிலைநிறுத்தியது. அடுத்ததாக நோவோ-ரியாஸன்ஸ்கயா தெருவில் லாரிகளுக்காகக் குதிரைலாட வடிவப் பணிமனை ஒன்றை ஷூகோவுடன் சேர்ந்து வடிவமைத்தார். அங்கே மனையின் வடிவம் நேர்ப்போக்குக்கு இடந்தராததால், லாட வடிவில் வண்டிகள் அரைவட்டமாகச் சுற்றும்படி செய்தார். 1930களில் ‘இன்டூரிஸ்ட்’ சுற்றுலாத் துறையின் கார்களுக்கும், ‘கோஸ்பிளான்’ திட்டக்குழுவின் கார்களுக்கும் இரண்டு கொட்டகைகள் அமைத்தார். கோஸ்பிளான் கொட்டகையின் முகப்பில் காரின் முன்விளக்கை நினைவூட்டும் பெரிய வட்டச் சாளரம் உள்ளது.

அதற்கு முன், 1920களின் இறுதியில், ருசக்கோவ் தொழிலாளர் மன்றத்தையும், கிரிவோஅர்பாத்ஸ்கி சந்தில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் தன் சொந்த வீட்டையும் கட்டினார். 1930களின் நடுவில் சோவியத் அரசின் கலைக்கொள்கை மாறியது. புதுமை வடிவங்கள் ‘வடிவவாதம்’ என்று கண்டிக்கப்பட்டன. 1937க்குப் பின் மெல்னிக்கோவுக்குக் குறிப்பிடத்தக்க கட்டடப் பணி எதுவும் கிடைக்கவில்லை. 1974இல் மறையும்வரை தான் கட்டிய வீட்டிலேயே வாழ்ந்தார். ஷூகோவ் 1939இல் காலமானார். படைத்தவர் ஒதுக்கப்பட்டபோதும் பணிமனை நாள்தோறும் வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அது யாருடைய வேலை என்பதைப் பொதுமக்களில் அறிந்தோர் சிலரே.

பேருந்துகளின் காலம்

முதலில் லேலண்டுகள் நின்ற கூடத்துக்குப் பின்னர் உள்நாட்டுப் பேருந்துகள் வந்தன. 1930களில் மாஸ்கோ மோட்டார் தொழிற்சாலையின் ஸிஸ் வகை வண்டிகள் நகரத் தடங்களில் ஓடின. 1933இல் டிராலி பேருந்தும் 1935இல் மெட்ரோவும் சேவைக்கு வந்தபின் மாஸ்கோவின் போக்குவரத்து அமைப்பே மாறியது. டிராம் நகர மையத்திலிருந்து மெல்ல விலகியது. மெட்ரோ எட்டாத இடங்களை நிலையங்களோடு இணைக்கும் வேலை பேருந்துக்கு வந்தது. போருக்குப் பிந்தைய குடியிருப்புகள் நகரின் விளிம்பில் விரிந்தபோது பேருந்துகளின் எண்ணிக்கை பன்மடங்கானது.

வண்டிகளின் அளவும் கூடியது. 1960களின் இறுதியில் வந்த லியாஸ்-677 பேருந்தும், ஹங்கேரியில் செய்யப்பட்ட இக்காரஸ் பேருந்துகளும் 1920களின் லேலண்டைவிட வெகு நீளமானவை. இரு பெட்டிகளை இணைத்த இக்காரஸ்-280 பதினாறு மீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. மெல்னிக்கோவின் கணக்கு முழுவதும் ஒரு குறிப்பிட்ட வண்டியின் நீளத்தையும் வளைவையும் அடிப்படையாகக் கொண்டது. வண்டி மாறியபோது கோணமும் இடைவெளியும் பொருந்தாமல் போயின. நூற்றுச் சொச்சம் வண்டிகளுக்கான கூடம், ஆயிரக்கணக்கான பேருந்துகளை இயக்கும் நகரத்துக்குச் சிறிதாயிற்று. நகரின் விளிம்புகளில் பெரிய திறந்தவெளிப் பணிமனைகள் அமைந்தபின், மையத்துக்கு அருகிலிருந்த பழைய கொட்டகைகளின் தேவை குறைந்தது. மாஸ்கோவுக்கு மட்டும் உரிய போக்கன்று இது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகருக்குள் கட்டப்பட்ட டிராம், பேருந்துப் பணிமனைகள் பல நாடுகளில் இதே காரணங்களால் காலியாயின.

கைவிடப்பட்ட நிலையும் கூரையின் இழப்பும்

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் நகரச் சொத்துகளின் பராமரிப்புக்குப் பணமில்லாமல் போனது. பாக்மெத்தியெவ்ஸ்கியின் கூரை ஒழுகியது, கண்ணாடிகள் உடைந்தன, இரும்பில் துரு ஏறியது. கட்டடம் நகரின் மரபுச் சின்னப் பட்டியலில் இருந்தும் நிலைமை மாறவில்லை.

இந்தக் கட்டத்தில் மாரினா ரோஷாவின் யூதச் சமூகம் வரலாற்றுக்குள் வருகிறது. இவ்வட்டாரத்தில் 1920களிலேயே மரத்தால் ஒரு தொழுகைக்கூடம் எழுப்பப்பட்டிருந்தது. சோவியத் ஆட்சியில் மாஸ்கோவில் மூடப்படாமல் நிலைத்த மிகச் சில தொழுகைக்கூடங்களில் அது ஒன்று. 1993இல் அது தீக்கிரையானது. அதே வட்டாரத்தில் எழுந்த புதிய யூதச் சமூக மையம் 2000இல் திறக்கப்பட்டது. அருகே பயன்பாடின்றிக் கிடந்த பணிமனையை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாஸ்கோ நகர நிர்வாகம் பண்பாட்டு, கல்விப் பணிகளுக்காக இச்சமூகத்திடம் ஒப்படைத்தது.

தொடக்கத்தில் நடந்த வேலை கட்டடத்துக்கு நன்மை செய்யவில்லை. சீரமைப்பின் பெயரால் ஷூகோவின் சட்டகங்களில் ஒரு பகுதி கழற்றப்பட்டது. கட்டடக்கலை வரலாற்றாளர்களும் மரபுப் பாதுகாப்பு ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தபின் வேலை நின்றது. ஆனால் கூரை பிரிக்கப்பட்ட பகுதியில் மழையும் பனியும் நேராகக் கூடத்துக்குள் விழுந்தன. சில ஆண்டுகள் கட்டடம் அந்த நிலையிலேயே இருந்தது. முழுவதும் இடிக்கப்பட்டுவிடும் என்ற அச்சமும் நிலவியது.

அது மாஸ்கோவில் பழைய கட்டடங்கள் தொடர்ந்து இடிபட்ட காலம். 1935இல் திறக்கப்பட்ட மஸ்க்வா விடுதி 2004இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் மாஸ்கோ கட்டடக்கலைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டு, குறிப்பாக 1920களின் புதுமைக் கட்டடங்கள் அழிவதை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அரண்மனைகளையும் தேவாலயங்களையும் காக்கவேண்டும் என்பதில் பெரிய மறுப்பு இருக்கவில்லை. பேருந்துக் கொட்டகையையும் தொழிலாளர் மன்றத்தையும் காக்கவேண்டும் என்பதை மக்களுக்குப் புரியவைக்கத்தான் உழைப்பு தேவைப்பட்டது. மெல்னிக்கோவின் பெயர் வெளிநாட்டு வரலாற்றாளர்களிடையே புகழ்பெற்றிருந்தது அந்த உழைப்புக்குத் துணைநின்றது. அவரைப் பற்றி அமெரிக்க அறிஞர் ஃபிரெடெரிக் ஸ்டார் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1978இலேயே வெளிவந்திருந்தது.

சீரமைப்பும் ‘கராஷ்’ மையமும்

2007-08இல் முறையான சீரமைப்பு நடந்தது. செங்கற்சுவர்கள் சுத்தம் செய்யப்பட்டு, காரை பெயர்ந்த இடங்கள் சரிசெய்யப்பட்டன. எஞ்சியிருந்த சட்டகங்கள் பாதுகாக்கப்பட்டன. இழந்தவற்றின் இடத்தில் அதே வடிவில் புதியவை பொருத்தப்பட்டன. இப்போது கூடத்தில் நிற்பவர் காணும் கூரையில் ஷூகோவ் காலத்து இரும்பும் 21ஆம் நூற்றாண்டின் இரும்பும் கலந்திருக்கின்றன. வடிவம் மீண்டது. கழற்றிப் போடப்பட்ட மூல இரும்பு திரும்பவில்லை. மரபுக் கட்டடங்களைச் சீரமைப்போர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும்.

2008இல் தாஷா ஜுகோவா நிறுவிய சமகாலக் கலை மையம் இங்கே தொடங்கியது. பழைய பயனை மறக்காமல் தன் பெயரையே ‘கராஷ்’ (வாகனக் கொட்டகை) என்று வைத்துக்கொண்டது. உள்ளமைப்பை லண்டனைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் ஜேமி ஃபோபர்ட் வகுத்தார். ஜூனில் நடந்த தொடக்க விழாவில் ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பாடினார். செப்டம்பரில் இல்யா-எமிலியா கபக்கோவ் இணையரின் பெரிய கண்காட்சி நடைபெற்றது. சோவியத் காலத்தில் பொதுவெளியில் காட்ட இடமின்றித் தன் ஓவியக்கூடத்திலேயே படைப்புகளை நண்பர்களுக்குக் காட்டிவந்தவர் இல்யா கபக்கோவ். நாட்டைவிட்டுச் சென்ற அவரது படைப்புகள் இவ்வளவு பெரிய அளவில் மாஸ்கோவுக்குத் திரும்பியது கலை உலகில் முக்கிய நிகழ்வாகக் கருதப்பட்டது.

2009இல் மூன்றாவது மாஸ்கோ கலை ஈராண்டு விழாவின் முதன்மைக் கண்காட்சி இக்கூடத்தில் நடந்தது. பிரெஞ்சுச் சேகரிப்பாளர் ஃபிரான்சுவா பினோவின் தொகுப்பு, ஆண்டனி கோர்ம்லியின் சிற்பங்கள், மார்க் ராத்கோவின் ஓவியங்கள், மரீனா அப்ரமோவிச்சின் நிகழ்த்துகலை ஆகியவையும் அடுத்தடுத்துக் காட்சிக்கு வந்தன. பெரிய சிற்பத்தையும் நிறுவல் கலையையும் வைக்கத் தூண் மறைக்காத இடம் வேண்டும். ஓவியத்தைப் பார்க்கச் சீரான வெளிச்சம் வேண்டும். பேருந்துக்காக அமைக்கப்பட்ட கூடத்தில் இரண்டும் முன்னரே இருந்தன.

கலை மையம் இக்கட்டடத்தில் இயங்கியது 2011 இறுதிவரைதான். அதன்பின் அது கோர்க்கி பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. 2012 அக்டோபரில் ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் வடிவமைத்த, காகிதக் குழாய்த் தூண்கள் கொண்ட தற்காலிக அரங்கில் அதன் பணி தொடர்ந்தது. 2015இல் அதே பூங்காவில் கைவிடப்பட்டுக் கிடந்த சோவியத் கால உணவகத்தை ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் மாற்றியமைத்த கட்டடத்தில் நிலைகொண்டது. டிப்போவை விட்டுப் போனபோதும் ‘கராஷ்’ என்ற பெயரை அது விடவில்லை.

யூத அருங்காட்சியகமும் சகிப்புத்தன்மை மையமும்

2012 நவம்பர் 8 அன்று பணிமனைக் கட்டடத்தில் யூத அருங்காட்சியகமும் சகிப்புத்தன்மை மையமும் திறக்கப்பட்டன. திறப்பு விழாவில் இஸ்ரேல் குடியரசுத் தலைவர் ஷிமோன் பெரஸும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவும் கலந்துகொண்டனர். ரஷ்ய யூதச் சமூகங்களின் கூட்டமைப்பு முன்னின்று நடத்திய இத்திட்டத்துக்குச் சுமார் 5 கோடி டாலர் செலவானது. அதிபர் விளாதிமிர் புதின் தன் ஒரு மாதச் சம்பளத்தை இதற்கு நன்கொடையாக அளித்தார். காட்சியமைப்பை நியூயார்க்கின் ரால்ஃப் ஆப்பெல்பாம் நிறுவனம் வடிவமைத்தது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் காட்சிகளை வகுத்ததும் இந்நிறுவனமே.

ரஷ்யாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் வாழ்ந்த யூதர்களின் வரலாற்றை இந்த அருங்காட்சியகம் சொல்கிறது. ஜார் ஆட்சியில் யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட மேற்கு மாகாணங்களின் சிற்றூர்கள், அங்கிருந்து ஒதெஸா போன்ற நகரங்களுக்குச் சென்ற வாழ்க்கை, 1917 புரட்சி, சோவியத் காலம், இரண்டாம் உலகப் போரும் இனஅழிப்பும், பின்னர் பெரெஸ்த்ரோய்க்கா சீர்திருத்தக் காலம் என்று வரலாறு கால வரிசையில் விரிகிறது. போர்க்காலப் பகுதியில் டி-34 டாங்கியும் சிறு போர்விமானமும் நிற்கின்றன. உயிரிழந்தோருக்காக விளக்குகள் எரியும் நினைவிடம் அருகே உள்ளது. சகிப்புத்தன்மை மையத்தில் பலவகை மக்களோடு இணைந்து வாழ்வது பற்றி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வகுப்புகளும் உரையாடல்களும் நடைபெறுகின்றன.

2013 ஜூனில் ஷ்னெயர்சன் நூல் தொகுப்புக்கான பகுதியும் இங்கே திறக்கப்பட்டது. ஹபாத் என்ற யூத மத இயக்கத்தின் தலைவர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த இந்நூல்கள் புரட்சிக்குப் பின் அரசுடைமையாகி, ரஷ்ய அரசு நூலகத்தில் இருந்தன. அவற்றைத் தங்களிடம் திருப்பித்தரக் கோரி அமெரிக்காவிலுள்ள ஹபாத் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. ரஷ்யா ஒரு நாளுக்கு 50,000 டாலர் அபராதம் கட்டவேண்டும் என்று 2013 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரஷ்யா அதை ஏற்கவில்லை. தொகுப்பை அரசு நூலகத்தின் கிளையாக அருங்காட்சியகத்துக்குள் வைத்து, வாசகர் பயன்படுத்த வழிசெய்தது. ரஷ்ய முன்னோடிக் கலையை ஆராயும் மையம் ஒன்றும் அருங்காட்சியகத்தில் இயங்குகிறது. மெல்னிக்கோவின் தலைமுறை படைத்த கலை, அவர் வடிவமைத்த கட்டடத்திலேயே ஆராயப்படுகிறது.

மறுபயன்பாட்டின் தன்மை

பேருந்துப் பணிமனையை அருங்காட்சியகமாக்குவோர் பொதுவாக எதிர்கொள்ளும் இடர்கள் மூன்று. ஒன்று, கூடம் பெரிது. சிறுசிறு அறைகளாகத் தடுத்தால் அதன் பெருமையே போய்விடும். இரண்டு, கொட்டகை வெப்பத்தைத் தேக்காது. ஓவியத்துக்கும் ஆவணத்துக்கும் தேவையான சீரான வெப்பமும் ஈரப்பதமும் அதில் இல்லை. மூன்று, பல ஆண்டுகள் எண்ணெயும் கிரீஸும் ஊறிய தரையைச் சுத்தம் செய்யவேண்டும்.

பாக்மெத்தியெவ்ஸ்கியில் முதல் இடருக்குக் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. காட்சிப் பகுதிகளைச் சுவரோடும் கூரையோடும் ஒட்டாத தனி அமைப்புகளாகக் கூடத்தின் நடுவே எழுப்பினார்கள். அவற்றுக்கு மேலே ஷூகோவின் சட்டகங்கள் திறந்தே தெரிகின்றன. நாளை இந்த அமைப்புகளை அகற்றினாலும் 1927இன் கூடம் குலையாமல் இருக்கும். கலை மையம் காலிசெய்து அருங்காட்சியகம் வந்தபோது இதன் பயன் வெளிப்பட்டது. முற்றிலும் வேறுபட்ட இரண்டு நிறுவனங்கள் சில ஆண்டு இடைவெளியில் ஒரே கட்டடத்தைப் பயன்படுத்தின. கட்டடத்தின் மூல வடிவம் இரண்டிலும் மாறவில்லை.

பணிமனையின் வரலாறு கட்டடப் பாதுகாப்பு பற்றி இரண்டு உண்மைகளைத் தெளிவாக்குகிறது. பட்டியலில் பெயர் சேர்ப்பதால் மட்டும் எந்தக் கட்டடமும் பிழைப்பதில்லை. மரபுச் சின்னம் என்ற தகுதி இருந்தும் கூரையின் ஒரு பகுதி கழற்றப்பட்டது. அந்த வேலையைப் பாதியில் நிறுத்தியது வரலாற்றாளர்கள், ஆர்வலர்களின் எதிர்ப்பு; கட்டடத்தை மீட்டது புதிய பயன்பாடு. இன்னொன்று, ஒரு வேலையை நன்றாகச் செய்யக் கட்டப்பட்ட கட்டடம் அந்த வேலை போனபின்னும் வாழும் வலிமை கொண்டது. தூண்கள் குறைந்த பரப்பையும் மேலிருந்து இறங்கும் வெளிச்சத்தையும் மெல்னிக்கோவும் ஷூகோவும் பேருந்து ஓட்டுநருக்காகவே தேடினார்கள். அவையே எண்பது ஆண்டுகளுக்குப் பின் கட்டடத்தைக் காப்பாற்றின.

பாக்மெத்தியெவ்ஸ்கியின் அனுபவம் மெல்னிக்கோவின் பிற வாகனக் கட்டடங்களின் எதிர்காலத்துக்கும் வழிகாட்டியது. நோவோ-ரியாஸன்ஸ்கயா தெருவின் லாட வடிவப் பணிமனையும் நெடுங்காலம் பேருந்துகளுக்குப் பயன்பட்டது. அதை மாஸ்கோ போக்குவரத்து அருங்காட்சியகமாக மாற்றும் பணி பின்னர் மேற்கொள்ளப்பட்டது.